நிற்போர் இருக்கை

சுருட்டைக்கு நீதியின் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் அறை.

சித்தி வீட்டில் இருந்தவை இரண்டே அறைகள். சித்தி, கண்டக்டர் சித்தப்பா, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், இவ்வளவும் போக மீந்த இடத்தில் அவள் புள்ளியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மீந்த இடம் என்பது மாடிப்படியில் கீழிருந்து நான்காவது படி. யாராவது ஏறினால் எழுந்து ஒதுங்க வேண்டும். இறங்கினாலும் எழுந்து ஒதுங்க வேண்டும். ஒரே ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் பதினேழு தடவை எழுந்த நாளில்தான் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தாள். 'சமூகநீதி மற்றும் பரிந்துபேசல் இளம் அறிஞர் திட்டம்.' அடியில் பொடி எழுத்தில், 'தேர்வாகும் அறிஞர்களுக்கு விடுதியில் தனி அறை, மேசையுடன்.'

மேசையுடன் என்பதை இரண்டு தடவை படித்தாள். மற்றதை ஒரு தடவை.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் திட்ட இயக்குநர். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். எதைச் சொன்னாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் உருக்கம்.

"நீதி என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் உடம்பில் எந்த இடத்தில் என்ன உணர்கிறீர்கள்?" என்று உருக்கம் கேட்டார்.

காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்று, மணி இரண்டாகியிருந்தது. சுருட்டை உள்ளதைச் சொன்னாள். "வயித்துல சார். பசி மாதிரி."

ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பசி மாதிரி," என்று உருக்கம் மெதுவாகத் திருப்பிச் சொல்லி, அதைத் தாளில் எழுதி, அடிக்கோடும் போட்டார். அவளுக்கு அடுத்துப் போனவன் நீதியின் வரலாற்றைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான். அவனை எடுக்கவில்லை.

அறை கிடைத்தது. மேசை, ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். முதல் நாள் அவள் ஒன்றும் படிக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். யாரும் மாடி ஏறவில்லை. இதற்காக எந்த நீதியையும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அறிமுகப் பயிற்சி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் 'கேட்டல் வட்டம்'. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு மரக்கட்டை கைமாறும். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். விதியை விளக்குவதற்காக உருக்கம் கட்டையைக் கையில் எடுத்தார். மூன்றாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு அதைக் கீழே வைத்தார்.

இடையில் கைதட்டல் ஒழிக்கப்பட்டது. கை தட்டுவது, தட்டப்படாதவர்களைப் புண்படுத்துகிறது என்று ஒரு குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே இனிமேல் பாராட்ட விரும்புகிறவர்கள் கண்களை மூன்று தடவை சிமிட்ட வேண்டும். உருக்கம் பேசி முடித்ததும் நாற்பது இளம் அறிஞர்கள் அவரைப் பார்த்துச் சிமிட்டினார்கள். தண்ணீர் பாட்டில் வைக்க வந்த ஊழியர், கரெண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார்.

பயிற்சியின் முடிவில் குலுக்கல். ஒவ்வோர் அறிஞருக்கும் ஒரு 'குரலற்றவர்' ஒதுக்கப்படுவார். ஓராண்டு முழுக்க அறிஞர் அவருடைய குரலாக இருந்து, அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் அறை இரண்டாம் ஆண்டும் தொடரும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

சுருட்டை எடுத்த சீட்டில், 'நூலக வாசல் காவலர், பெண்' என்றிருந்தது.

அதைப் பார்த்ததும் வேறு சீட்டு எடுக்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள். நூலக வாசல் காவலரை எல்லோரும் வாசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வயது. கால் அளவுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ. அவர் வாசலில் நின்று "பைய வெளிய வை!" என்று ஒரு சத்தம் போட்டால், மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருப்பவன் தன் பையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவான். அந்த வளாகத்தில் குரல் உள்ளவர்களை அளவுப்படி வரிசைப்படுத்தினால் முதலிடம் வாசலக்கா. இரண்டாமிடம் தீயணைப்பு சைரன்.

மறுநாள் காலை 'இணைப்பு நான்கு' என்ற படிவத்தோடு நூலக வாசலில் போய் நின்றாள்.

"என்ன இது?"

"ஒரு கையெழுத்து வேணும் அக்கா. குரலற்றமைச் சான்று."

வாசலக்கா படிவத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். பிறகு, "யாருடி குரல் இல்லாதவ?" என்றார்.

நூலகத்துக்குள் எங்கோ ஓர் அலமாரி சரிந்த சத்தம் கேட்டது.

"அக்கா, மெதுவா. கையெழுத்துப் போடலன்னா என் ரூம் போயிரும்."

வாசலக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சுவரில்தான் போட முடியும். அந்த வாசலில் மேசையோ நாற்காலியோ எதுவும் இல்லை.

"குரல் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப என் சார்பா நீ என்ன பேசப் போற?"

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, அதப் பேசறேன்."

"நாற்காலி," என்றார் வாசலக்கா. யோசிக்கவே இல்லை. "பதினோரு வருஷமா எட்டு மணி நேரம் நிக்கிறேன். சாயங்காலம் ஷூவக் கழட்டுனா கால் வெளிய வர மாட்டேங்குது, வீங்கிப் போய் உள்ளயே குடித்தனம் பண்ணுது. ஒரு தடவ வீட்லருந்து முக்காலி கொண்டுவந்தேன். 'நின்று காவல் புரிபவர்'னு ரூல்ல எழுதியிருக்குன்னு பிடுங்கிட்டாங்க. ஒரு நாற்காலி. சாய்மானம் இருந்தா நல்லது. இல்லன்னாலும் பரவாயில்ல."

சுருட்டைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற அறிஞர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பெரிய பெரிய அநியாயங்கள், எங்கே பிடித்து எங்கே இழுப்பது என்றே தெரியாதவை. அவளுக்குக் கிடைத்ததற்கோ நான்கு கால் இருந்தது, கடையில் விற்றது. அன்று சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வளாகத்துக்குள் நடந்தாள். நூலகத்துக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது எதிரே உருக்கம் வந்தார்.

"என்ன காரியம் செய்யத் துணிந்தீர்கள்?" கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அக்காவுக்கு நாற்காலி சார்."

"நாற்காலி கொடுத்தால் அவர் என்ன செய்வார்?"

"உக்காருவாங்க சார்."

"அதுதான்! உட்கார்ந்துவிடுவார். அப்புறம் கட்டமைப்பை யார் கேள்வி கேட்பது? இருபது நிமிடத்தில் தீர்த்துவிட்டால் அது தர்மம் அம்மா, நீதி இல்லை. நீதி என்றால் குறைந்தது மூன்று கட்டம் இருக்க வேண்டும். நீங்கள் அவருடைய வலியை அவரிடமிருந்து பறிக்கப் பார்க்கிறீர்கள்."

நாற்காலி, 'அவசரத் தீர்வுக்கான சான்றுப் பொருள்' என்று பதிவு செய்யப்பட்டு இயக்குநர் அறைக்குப் போனது. அவருடைய அறையில் பார்வையாளர்களுக்கு ஒரு நாற்காலி குறைவாக இருந்தது, அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.

முதல் கட்டம், தேவை ஆய்வு. வாசலக்காவுக்கு நாற்காலி தேவையா என்று கண்டறிய வேண்டும். நூற்றெண்பது கேள்விகள். 'நிற்கும்போது உங்களை நீங்கள் நிற்பவராக உணர்கிறீர்களா?' என்பது இருபத்திரண்டாவது கேள்வி. ஷிப்ட் முடிந்தபிறகு ஒன்றரை மணி நேரம் வாசலக்கா நின்றபடியே பதில் சொன்னார். நின்றபடி சொன்னால்தான் தரவு சுத்தமாக இருக்கும் என்று விதி.

"முப்பதாவது கேள்வியிலயே என் கால் பதில் சொல்லிருச்சு, எழுதிக்கோ," என்றார்.

இரண்டாம் கட்டம், உடன்நிற்றல். நாற்பது அறிஞர்களும் நூலக வாசலில் பதினைந்து நிமிடம் நின்று வாசலக்காவின் வலியில் பங்கெடுக்க வேண்டும். நடுவில் தேநீர் வந்தது. பதினைந்து நிமிடம் முடிந்ததும் குளிரூட்டிய கருத்தரங்க அறைக்குப் போய், உட்கார்ந்து, தாங்கள் நின்ற அனுபவத்தை மூன்று மணி நேரம் பகிர்ந்துகொண்டார்கள். ஏழு பேர் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். ஒரு மாணவி அழுதாள். அந்த மூன்று மணி நேரமும் அவர்களுடைய நாற்பது பைகளுக்கும் வாசலக்கா காவல் நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் சுருட்டை இதையெல்லாம் சொன்னாள். சித்தப்பா சிரிக்கவில்லை. "பஸ்ல எனக்குன்னு ஒரு சீட்டு போட்டிருக்காங்க," என்றார். "முப்பது வருஷத்துல அதுல நான் உக்காந்ததவிட மூட்டைங்க உக்காந்ததுதான் ஜாஸ்தி. ஆனா சீட்டு இருக்குல்ல? கேட்டா காட்டலாம்ல? அதுக்குத்தான் போட்டிருக்காங்க. நீ வேணும்னா ஒண்ணு பண்ணு. எழுதிக் குடு. எழுத்துல குடுத்தா ஏதாவது ஒரு வழியா வந்து சேரும்."

மூன்றாம் கட்டமும் அதுதான். மனு. சுருட்டை ஒரே வரியில் எழுதினாள். 'நூலக வாசலில் நிற்கும் காவலருக்கு ஒரு நாற்காலி தர வேண்டும்.'

உருக்கம் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நாற்காலி என்பது கொச்சையாக இருக்கிறது. ஆட்சிமன்றத்துக்குப் போகிற மனு. இருக்கை என்று போடுவோம். தர வேண்டும் என்பது பிச்சை கேட்பது மாதிரி இருக்கிறது. நிறுவ வேண்டும் என்று போடுவோம். ஒரு காவலர் என்று ஏன் குறுக்குகிறீர்கள்? நிற்போர் என்று சொன்னால் மானுடம் முழுவதும் அடங்கிவிடும்."

திருத்திய மனு இப்படி இருந்தது. 'நிற்போருக்காக நம் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை நிறுவ வேண்டும்.'

ஆட்சிமன்றம் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேற்றியது. எல்லோரும் சிமிட்டினார்கள். செய்தி காதில் விழுந்ததும் சுருட்டை நூலகத்துக்கு ஓடினாள். அப்படி ஓடி அவளுக்குப் பழக்கமில்லை, ஒரு செருப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா! இருக்கை வந்திருச்சு!"

"நெசமாவா?" வாசலக்கா அன்று முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "எங்க போடப் போறாங்க? வெயில் படாம இந்தத் தூணுக்கு உள்பக்கமா போடச் சொல்லணும்."

அதைத் தூணுக்கு உள்பக்கம் போட முடியாது என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தபோது தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் தத்துவத்துக்கு ஓர் இருக்கை உண்டு, மொழியியலுக்கு ஓர் இருக்கை உண்டு. இப்போது நிற்போர் இருக்கை. அதற்கு ஒரு பேராசிரியர் இருக்கைத் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தார். நூலகத்தின் முதல் மாடியில் அவருக்கு ஒரு கூடம். கூடத்தில் பன்னிரண்டு மெத்தை நாற்காலிகள், சுழல் நாற்காலி ஒன்று, சாய்வு சோபா ஒன்று. சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில், விலை உயர்ந்த தளவாடங்கள் இருப்பதால் நூலக வாசல் காவலர் தினமும் இரண்டிலிருந்து நான்கு வரை மேற்படிக் கூடத்தின் வாசலிலும் நிற்க வேண்டும் என்றிருந்தது.

வாசலக்கா அதை இரண்டு தடவை படித்தார். திட்டவில்லை. அதுதான் சுருட்டைக்குத் தாங்கவில்லை.

"எழுதாம இருந்திருந்தா ஒரு வாசலோட போயிருக்கும்," என்றார் கடைசியில். "பரவாயில்ல விடு. ரூமாவது உனக்கு நிலைக்கட்டும்."

சுருட்டை நேராகப் பதிவாளர் அறைக்குப் போனாள். பதிவாளர் கோப்பிலிருந்து தலை தூக்காதவர். அவருடைய வழுக்கையைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

"சார், நாங்க கேட்டது உக்கார்ற இருக்கை."

"இருக்கைத் தலைவர் அதில் உட்கார்ந்துதானே இருப்பார்?"

"அவர் இல்ல சார், வாசல்ல நிக்கிறவங்க உக்காரணும்."

"நிற்பவர் உட்கார்ந்தால் அவர் நிற்பவர் இல்லையே. அப்புறம் நிற்போர் இருக்கை யாருக்காக?" பதிவாளர் பக்கத்தைத் திருப்பினார். "தொடக்க விழா வியாழக்கிழமை. நிற்போரின் பிரதிநிதியாக அந்தம்மாவை மேடைக்கு அழைத்திருக்கிறோம். சீருடை துவைத்திருக்கட்டும்."

வியாழக்கிழமை பேரரங்கம் நிரம்பியிருந்தது. முன் வரிசையில் ஆட்சிமன்ற உறுப்பினர்கள், பின்னால் துறைத்தலைவர்கள், அறிஞர்கள், மூன்று கேமராக்கள். திட்டத்தை மதிப்பிட வெளியிலிருந்து வந்த இரண்டு மதிப்பீட்டாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக இருந்தார்கள். மேடையில் துணைவேந்தர், பதிவாளர், உருக்கம், இருக்கைத் தலைவர் ஆகிய நால்வருக்கும் நான்கு நாற்காலி. நடுவில் பூ சுற்றிய ஐந்தாவது நாற்காலி, இருக்கையின் அடையாளம். அது யாருக்கும் இல்லை. வாசலக்கா மேடையின் ஓரத்தில் நின்றார். மைக் பிடிப்பதற்காகச் சுருட்டை அவர் பக்கத்தில் நின்றாள்.

இருக்கைத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். "நிற்றல் என்பது ஒரு நிலை. நான் என் ஆய்வறை நாற்காலியில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து இந்த நிலையைச் சிந்தித்திருக்கிறேன். சிந்திக்கும்போது என் முதுகு வலித்ததுண்டு. அந்த வலியில் நானும் ஒரு காவலரே."

சிமிட்டல்.

துணைவேந்தருக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. எழுந்து மைக்கைப் பிடித்தார். "சொற்கள் போதும்! நிற்போருக்கு மரியாதையாக இந்த அவை முழுவதும் இப்போது எழுந்து நிற்கும். அடையாள இருக்கையில் நம் காவலர் அமர்வார். அவர் தன் வாயால் 'அமரலாம்' என்று சொல்லும்வரை, நான் உட்பட, இங்கே ஒருவரும் அமரமாட்டோம். இது என் வாக்கு!"

உருக்கம் மைக்கருகே குனிந்து, தழுதழுத்த குரலில் சேர்த்தார். "அதற்கு முன் அமர்கிறவர் நீதிக்குப் புறம்பானவர்."

கேமராக்கள் திரும்பின. மதிப்பீட்டாளர்கள் எழுந்து நின்று பேனாவைத் திறந்தார்கள். அறுநூறு பேர் எழுந்தார்கள். வாசலக்கா பூ சுற்றிய நாற்காலிக்கு நடந்து போய், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒதுக்கியிருந்த நேரம் பத்து விநாடி.

வாசலக்கா முதுகைச் சாய்த்தார். கால்களை நீட்டினார். ஒரு ஷூவைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்றை. சுருட்டை மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"உக்காந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றார் வாசலக்கா. மைக் தேவையே இருக்கவில்லை.

எல்லோரும் சிமிட்டினார்கள். அடுத்த சொல்லுக்காகக் காத்தார்கள். வரவில்லை.

இரண்டு நிமிடம் கழித்துப் பதிவாளர் குனிந்தார். "அம்மா, அமரலாம்னு சொல்லிடுங்க."

"சொல்றேன் சார். கொஞ்சம் கால் ஓயட்டும்."

ஆறாவது நிமிடம் இருக்கைத் தலைவர் கொடிக்கம்பத்தில் சாய்ந்தார், கம்பம் சாய்ந்தது. பத்தாவது நிமிடம் முன் வரிசையில் ஓர் ஆட்சிமன்ற உறுப்பினர் மெல்ல இறங்கத் தொடங்கினார். பாதி தூரம் போனதும் ஒரு கேமரா அவர் பக்கம் திரும்பியது, அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட்டார். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. மதிப்பீட்டாளர் அவரைப் பற்றி ஏதோ எழுதினார். உருக்கத்தின் கை நெஞ்சிலிருந்து இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று வாசலக்கா சுருட்டையிடம் கேட்டார்.

"பதினாலு நிமிஷம் அக்கா."

"அப்படியா? எட்டு மணி நேரத்துல அது எத்தன பங்கு? நீதான் கணக்குப் படிக்கிறவளாச்சே."

"முப்பத்திநாலுல ஒரு பங்கு."

"ஓ. இன்னும் நெறைய இருக்கு," என்று வாசலக்கா கண்ணை மூடிக்கொண்டார். இந்த உரையாடல் எட்டு ஒலிபெருக்கிகளில் கேட்டது.

துணைவேந்தர் வந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. "என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"நாற்காலி சார். வாசல்ல போட."

"கட்டாயம் பரிசீலிக்கிறோம். அதற்கு ஒரு குழு இருக்கு. குழு கூடி..."

"கூப்பிடுங்க சார். எல்லாரும் இங்கதான நிக்கிறாங்க."

துணைவேந்தர் அரங்கைப் பார்த்தார். உண்மைதான். தளவாடக் குழு, விதித் திருத்தக் குழு, ஊழியர் நலக் குழு எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றன. எட்டு மாதமாக நாள் கிடைக்காத கூட்டம் மேடைக்குக் கீழே கூடியது. பேச விரும்பியவர் யாருமில்லை. விதியில் 'நின்று' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நின்றோ அமர்ந்தோ' என்று போட நாலு நிமிடம் ஆயிற்று. அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதி, பதிவாளரைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் வைத்துத் துணைவேந்தர் கையெழுத்திட்டார்.

"ஒப்பந்தப்புள்ளி கோரி நாற்காலி கொள்முதல் செய்ய..." என்று முதுகுக்கு அடியிலிருந்து பதிவாளர் குரல் வந்தது.

"சார், உங்களுக்குப் பின்னாடி அறுநூறு நாற்காலி சும்மா கெடக்கு," என்றாள் சுருட்டை. அவளுடைய சொந்தக் குரல் ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டு அவளே திரும்பிப் பார்த்தாள்.

ஊழியர்கள் யாரும் நகரவில்லை. அவர்களும் வாக்கின்படி நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு நிற்பதில் சிரமமும் இல்லை. ஆகவே பதிவாளரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்து நூலகத்துக்கு ஓடினார். சுருட்டை சாட்சிக்கு ஓடினாள். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"போட்டாச்சு அக்கா. தூணுக்கு உள்பக்கம்."

"ஆடுதா?"

"ஒரு கால் லேசா ஆடுது."

"அட்டைய மடிச்சு அடில வெக்கச் சொல்லு."

அரங்கில் ஒரு முனகல் எழுந்தது. சுருட்டை மறுபடி ஓடினாள். அட்டை தேட ஐந்து நிமிடம் ஆயிற்று. இருக்கைத் தலைவரின் உரைப் பிரதி கெட்டியான தாளில் இருந்தது, அதை நான்காக மடித்து வைத்ததும் ஆட்டம் நின்றது. அவள் வந்து தலையாட்டினாள்.

வாசலக்கா ஒரு ஷூவை மாட்டினார். இன்னொன்றை மாட்டினார். நாடாவைக் கட்டினார். எழுந்தார்.

"அமரலாம்."

அறுநூறு பேர் ஒரே நேரத்தில் விழுந்த சத்தம் பக்கத்துக் கட்டடத்தில் கேட்டது. பழக்க தோஷத்தில், சிமிட்ட மறந்து எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுவாரம் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று, பல்கலைக்கழக நிகழ்ச்சிகளில் மரியாதைக்காக எழுந்து நிற்பது முப்பது விநாடிக்கு மிகக்கூடாது. இன்னொன்று, நிற்போர் இருக்கை தன் ஆய்வை விரிவாக்கி 'அமர்தலின் சிக்கல்கள்' குறித்து ஐந்தாண்டுத் திட்டம் தொடங்குகிறது.

ஆண்டு முடிவில் சுருட்டையின் அறிக்கை திரும்பி வந்தது. உருக்கம் அவளை அழைத்தார். அவள் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அவளை உட்காரச் சொன்னார்.

"உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள். இரண்டாம் ஆண்டு எதை ஆய்வு செய்வீர்கள்? மற்ற முப்பத்தொன்பது பேரையும் பாருங்கள். ஒருவருடைய பிரச்சினையாவது தீர்ந்திருக்கிறதா? எவ்வளவு கவனமாக வளர்த்திருக்கிறார்கள்! ஒன்று செய்யலாம். மதிப்பீட்டாளர்கள் திங்கட்கிழமை திரும்பி வருகிறார்கள். அந்த ஒரு வாரம் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பிரச்சினை தொடர்கிறது என்று ஒரு வரி சேருங்கள். அறை தொடரும்."

சுருட்டை மேசையை நினைத்தாள். ஜன்னலை நினைத்தாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை நினைத்தாள்.

"முடியாது சார். அவங்க உக்காந்துட்டாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை வாசலக்காவிடம் காட்டினாள். வாசலக்கா உட்கார்ந்தபடியே படித்தார். மடிமேல் வைத்து ஒரு தடவை நீவிவிட்டு, "முட்டாப் பசங்க," என்றார். மூன்றாம் மாடியில் யாரோ பையை வெளியே வைத்தார்கள்.

"சித்தி வீட்டுக்கா போற?"

"நாலாவது படிக்கு."

"எங்க வீட்டு மொட்டமாடில ஒரு ரூம் இருக்கு. பழைய சாமான் போட்டு வெச்சிருக்கேன். எடுத்துட்டா ஒரு ஆள் தாராளமா இருக்கலாம். ஜன்னல் ஒண்ணு இருக்கு. சத்தம் வரும், என் சத்தம்தான். என் பொண்ணு பத்தாவது, கணக்குல உதை வாங்கிட்டிருக்கா, அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு. சரியா?"

சுருட்டை தலையை மட்டும் ஆட்டினாள். குரலற்றமைச் சான்று அந்த நிமிடம் அவளுக்குத்தான் பொருந்தியிருக்கும்.

"மேசை இருக்கு. ஆனா நாற்காலி கெடையாது," என்றார் வாசலக்கா.

"அதுக்கு மனு எதாவது எழுதணுமா அக்கா?"

"வாயால கேளு. போதும்."

"ஒரு நாற்காலி வேணும் அக்கா."

"சரி," என்றார் வாசலக்கா. "ஞாயித்துக்கிழமை போய் வாங்கிரலாம்."